சந்தையில் ஆடிய மரத்தலை

தள்ளி உட்கார வேண்டாம் தங்கச்சி, ஒண்ணும் செய்யாது. வெறும் மரம். மேல தட்டில வச்சா பிரேக் போடுறப்போ யார் தலையிலயாவது விழும்னுதான் மடியில வச்சிருக்கேன்.

நீயும் குலசை தசராவுக்குத்தானா? நல்லது. ஆத்தா முத்தாரம்மன் உன்னை நல்லா வைக்கட்டும். சாத்தான்குளத்துல ஏறுறப்போ பஸ்ஸுல ஒரு சீட்டு இல்ல, உன் பக்கத்துல மட்டும் காலி. அதுவும் அவ போட்டு வச்ச இடந்தான்.

இதுவா? சொன்னா நம்ப மாட்டே. ஆப்பிரிக்காவுல நைஜீரியான்னு ஒரு தேசம். அங்க ஆம்பளைங்க இதைத் தலையில கவுத்திக்கிட்டுச் சந்தையில ஆடுறாங்க. ஆமா, தலைக்கு மேல இன்னொரு தலை. ஆண்டவன் கொடுத்த ஒண்ணு போதாதாம். நான் இதைக் கடல்ல போடத்தான் போறேன். இது என் கண்ணுல பட்ட நாள்லேர்ந்துதான் என் பேரன் என் கையைவிட்டுப் போனான். நாலு மாசம் ஆச்சு. போன்ல கூட அவன் முகத்தைக் காட்ட மாட்டேங்கா என் மருமக.

நான் யாரையும் பழிச்சுப் பேசுறவ இல்ல. எந்திரிச்சா ஆத்தா பேரு, படுத்தா ஆத்தா பேரு. எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சேன், மூணு புள்ளைய வளத்தேன், ஒண்ணு மேல கை ஓங்கினதில்ல. தெருவுல கேட்டுப் பாரு, ஜெயக்கொடி அதிர்ந்து பேசி யாராவது கேட்டிருக்காங்களான்னு. நடந்ததை நடந்தபடி சொல்லுதேன், நீயே சொல்லு.

என் மூத்தவன் சுயம்பு அங்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக் கம்பெனியில இன்ஜினியர். மருமக அனுசியா முழுகாம இருந்தா. அவ அம்மாவுக்குக் கால்ல ஆபரேஷன், போக முடியல. அதனால மாசி மாசம் நான் போனேன். லேகோஸ்ல இறங்கி மூணு மணி நேரம் கார்ல போகணும். ஒரே செம்மண்ணு. பாத்தா நம்ம தேரிக்காடு மாதிரியே இருக்கும். ஆனா நம்ம தேரி வேற.

பக்கத்து வீட்டுல ஒரு பொம்பள. ரோங்கேன்னு ஒரு மக அவளுக்கு, அதனால ரோங்கே அம்மான்னு கூப்பிடுவாங்க. நம்ம பக்கம் கூப்பிடுற மாதிரியேதான். சந்தையில என்னமோ ஒரு விதையை அவிச்சுப் புளிக்க வச்சு விப்பா. அந்த வாடை இருக்கே, அவ தெருமுனையில திரும்பினாலே இங்க எனக்குக் குமட்டும். கருவாடு மாதிரியான்னு கேக்கே. சீ, கருவாடு வாசனை வேற. நிறத்தைச் சொல்லல தங்கச்சி, நானும் கருப்புதான். சுத்தத்தைச் சொல்லுதேன்.

ஆனா ஒண்ணு, மரியாதை தெரிஞ்சவ. என்னைக் கண்டா ரெண்டு முட்டியும் தரையில படுற மாதிரி மண்டி போட்டுத்தான் கும்பிடுவா. ஆளைப் பாத்ததுமே எடை போட்டுட்டா பாத்தியா! சுயம்பு சொன்னான், "வயசுல மூத்தவங்க யாரைக் கண்டாலும் இவங்க அப்படித்தாம்மா"ன்னு. அவன் சொல்லட்டும். யார் எதுக்கு மண்டி போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?

பேரன் குறிச்ச நாளுக்கு மூணு வாரம் முந்தியே பொறந்தான். இத்தனூண்டு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்தும் மார்ல வாய் வைக்க மாட்டேங்கான். மருமகளுக்கும் பால் சுரக்கல. அஞ்சாம் நாள் புள்ள உடம்பு மஞ்சளா ஆயிப்போச்சு. "பால் உள்ள போகணும், இல்லன்னா நாளைக்கு அட்மிட் பண்ணணும்"னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் என்ன செய்வேன்? ஆத்தா படத்துக்கு முன்னால உக்காந்து கண்ணை மூடிட்டேன். "தாயே, இவன் பால் குடிச்சா வர்ற தசராவுக்கு இவனைக் கொண்டாந்து உன் வாசல்ல கிடத்துதேன். இவன் அப்பன் உனக்குக் காளி வேஷம் கட்டுவான்"னு நேந்துக்கிட்டேன். ரெண்டு மணி நேரம் எந்திரிக்கல.

அந்த நேரம் பாத்து ரோங்கே அம்மா உள்ள நுழைஞ்சிட்டா. சுடுதண்ணியில துணியை முக்கி மருமக மார்ல ஒத்தடம் கொடுக்கிறதும், முதுகைத் தேய்க்கிறதும், என்னமோ சோளக் கஞ்சியைக் குடிக்க வைக்கிறதும், பாடுறதும்... எனக்கு எல்லாம் காதுல விழுது. கண்ணைத் திறந்தா கொடுத்த வாக்கு கலைஞ்சிரும்னு பொறுத்துக்கிட்டேன். கடைசியில கண்ணைத் திறந்து போய்ப் பாக்கேன், புள்ள மொச்சு மொச்சுன்னு பால் குடிச்சிட்டிருக்கான். எப்படி உடனே பலிச்சிட்டு பாத்தியா! ஆத்தா சக்தி அப்பேர்ப்பட்டது. அந்த நேரத்துல அவளும் அங்க நின்னா, அவ்வளவுதான்.

அன்னைலேர்ந்து அவளுக்குக் குளிர் விட்டுப்போச்சு. தினம் ரெண்டு நேரம் வருவா. வந்தாளேன்னு நான் ஒரு சுடுசொல் சொன்னதில்ல. முந்தானையை மூக்குல வச்சிக்கிட்டு ஓரமா நிப்பேன். அவ போறப்போ மஞ்சத் தண்ணிச் செம்பை எடுத்து வாசல்ல தெளிப்பேன். பச்ச உடம்புக்காரி இருக்கிற வீடு, சுத்தம் வேண்டாமா? அவ போய் மறைஞ்ச பிறகு தெளிச்சா என்ன பலன்? படி இறங்குறப்பவே தெளிக்கணும். அதையும் சிரிச்ச முகமாத்தான் தெளிப்பேன், அவ மனசு நோகக் கூடாதுல்ல. கஞ்சி கொண்டு வந்தா வாங்கி வச்சிக்கிட்டு, அவ போன பிறகுதான் வாழை மூட்டுல கொட்டுவேன். அந்த அளவுக்கு அவளுக்கு மரியாதை கொடுத்தேன்.

மருமக ஒருநாள் சொன்னா, "அத்தை, அவங்க குதிகால் நனையுது."

"நல்ல தண்ணிதானம்மா"ன்னேன்.

"அவங்க திரும்பிப் பாத்தாங்க அத்தை."

"பாக்கட்டும். கத்துக்கிடட்டும்."

நான் சொன்னதுல தப்பு இருக்கா?

வைகாசியில மழை தொடங்குற நேரம் அவங்களுக்குத் திருவிழா. கெலெடேன்னு பேரு. என்ன விழான்னு சுயம்புகிட்ட கேட்டேன். "ஊர்ல உள்ள அம்மாமார்களுக்கு எடுக்கிற விழாம்மா. வயசான பொம்பளைங்ககிட்ட ஒரு சக்தி இருக்கு, அவங்க மனசு குளிர்ந்தா ஊர் செழிக்கும், கோவிச்சா அழியும். அதனால ஆம்பளைங்க பொம்பள வேஷம் கட்டி ஆடி அவங்களைக் குளிர வைக்கிறாங்க"ன்னான். எனக்குச் சிரிப்பு. சாமியை விட்டுட்டுக் கிழவிகளுக்குத் திருவிழாவாம். ஆம்பளை பொம்பள வேஷம் கட்டினா பொம்பளைக்கு மனசு குளிருமாம்.

எங்க வீட்டுக்காரங்க காளி வேஷம் கட்டினது வேற. பத்தொம்பது வருஷம் கட்டினாங்க, சாகுற வரைக்கும். சேலை கட்டி, நெஞ்சுல கச்சை கட்டி, சடை வச்சு, கிரீடம் வச்சு, கால்ல சலங்கையோட தெருவுல இறங்கினா ஊரே கன்னத்துல போட்டுக்கும். ஆத்தா மனசு குளிரணும்னு கட்டினது அது. அதையும் இதையும் ஒண்ணா வச்சுப் பேசலாமா?

சாயங்காலம் சந்தை மைதானத்துக்குப் போனோம். என்னைக் கொண்டுபோய் முன்வரிசையில கிழவிகளோட உக்கார வச்சாங்க. ரோங்கே அம்மாதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. கொட்டு ஆரம்பிச்சிட்டு. கொட்டுன்னா கொட்டு, நம்ம நையாண்டி மேளத்துக்குக் கால் தூசி பெறாது. எனக்குக் கால் என்னமோ தன்னால ஆடிச்சு, அது வயசு. ரெண்டு ரெண்டு பேரா வாரானுவ. இடுப்பைச் சுத்தித் துணியை அடைச்சு மெத்தை மாதிரி, முன்னால மர மார்பு, கால்ல இரும்புத் தண்டை, முகத்துக்கு ஒரு மெல்லிசுத் துணி, உச்சியில இந்த மரத்தலை. கன்னத்துல மூணு கீறல் இருக்கு பாரு, அப்படி அவங்க ஊர் முகம். கண்ணு பாதி மூடியிருக்கும். தூக்கத்துல நடக்கிற மாதிரி ஒரு முகம். அதுக்கு மேல சின்னச் சின்னப் பொம்மைங்க. எல்லாம் ஒரே கட்டையில செதுக்கினது.

அந்தப் பொம்மைங்கதான் வேடிக்கை. ஊர்ல யார் ஒழுங்கா நடக்கலையோ அவங்களை அப்படியே செதுக்கித் தலைமேல வச்சு ஆட்டிக் காட்டுவாங்களாம். அடிக்கிறது இல்ல, பஞ்சாயத்து இல்ல. ஊரே சிரிக்கும், அவங்க திருந்திக்கணும், அத்தோட முடிஞ்சது. ஒரு ஜோடித் தலைமேல மிளகாய்க்காரி, ஒரு கையில பெரிய படி, முதுகுக்குப் பின்னால அளந்து போடச் சின்னப் படி. நிஜ மிளகாய்க்காரி கூட்டத்துல முகத்தை மூடிக்கிட்டா. இன்னொரு ஜோடிக்கு ஒரு மோட்டார் பைக், அதுல ஆறு பேரு. ஓட்டுறவன் அங்கயே நிக்கான், அசட்டுச் சிரிப்பு. நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். "நல்லா வேணும், மானம் போச்சு! இதுக்கப்புறம் வெளிய தலை காட்டுவாங்களா"ன்னு மருமககிட்ட சொன்னேன். அவ சிரிக்கல. அவளுக்கு இதெல்லாம் ரசிக்கத் தெரியாது.

அதுக்கப்புறம் வந்தது பாரு.

ரெண்டு பேரு. ரெண்டு தலைமேலயும் நான்!

சத்தியமா தங்கச்சி. இந்தா துணியை விலக்குதேன், நீயே பாரு. கொண்டை தெரியுதா? கொண்டையில பூ. நம்ம மூக்குத்தி, பச்சைக் கரைச் சேலை. என் சேலைதான். கொசுவம் ஏழு மடிப்பு, எண்ணிப் பாரு, ஏழும் இருக்கு. செதுக்கினவன் சன்யான்னு, ரோங்கே அம்மாவுக்குத் தம்பி. தினம் எதிர்த் திண்டுல உக்காந்து உளியை வச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருப்பான். ஏன் பாக்கான்னு அப்பவே யோசிச்சேன். இந்தக் கையில செம்பு, காலையில வாசல் தெளிக்கிற மாதிரி. இந்தக் கையில முந்தானையை எடுத்து முகத்துக்கிட்ட வச்சிருக்கேன் பாரு, அடக்கமான பொம்பள அப்படித்தான் நிப்பா. எவ்வளவு கவனிச்சிருக்கான்! ஏன் இருமுதே, தண்ணி வேணுமா? இந்தப் பக்கம் தலையில கூடையோட முதுகைக் காட்டிப் போறாளே, அது யாரோ சந்தைக்காரி. இடம் காலியா இருக்குன்னு செதுக்கி வச்சிருப்பான்.

ஆடினானுவ பாரு! செம்பைச் சாய்ச்சுச் சாய்ச்சு ஒரு ஆட்டம், இடுப்பை ஒடிச்சு முந்தானையைத் தூக்கி ஒரு ஆட்டம். சந்தையே உருண்டு பெரண்டு சிரிக்கு. சந்தோஷம் அவங்களுக்கு. நம்ம ஊர் அம்மாவைச் சாமி மாதிரி தலையில வச்சு ஆடுறாங்க. நான் எந்திரிச்சு நின்னு நாலா பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்ப இன்னும் அதிகமாச் சிரிச்சாங்க. ரோங்கே அம்மா மட்டும் சிரிக்கல. என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. பொறாமை. அவளைச் செதுக்கலையே!

திரும்பிப் பாக்கேன், சுயம்பு தலையைத் தொங்கப் போட்டிருக்கான். மருமக புள்ளைய மார்போட அணைச்சுக்கிட்டு அழுதுகிட்டிருக்கா. "என்னம்மா, ஆனந்தக் கண்ணீரா"ன்னேன். சுயம்பு, "அம்மா, அது வந்து..."ன்னு என்னமோ தொடங்கினான். அவ அவன் கையைப் பிடிச்சுட்டா. "சொல்லாதீங்க. அத்தையே பாக்கட்டும்"னா.

நான்தான் பாத்தேனே. கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு.

வீட்டுக்கு வந்து பேரனைத் தூக்கப் போனேன். கொடுக்கல. "அத்தை, ரோங்கே அம்மா வீட்டு வாசலுக்குப் போயி ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, அப்புறம் தூக்குங்க"ன்னா.

"என்ன வார்த்தை?"

"உங்களுக்கே தெரியும்."

எனக்கு என்ன தெரியும்? நான் எதுக்கு அவ வாசலுக்குப் போகணும்? அவதான என் வாசலுக்கு வந்துக்கிட்டிருந்தா? மறுவாரமே என் மகன் டிக்கெட் போட்டுட்டான். "விசா முடியுதும்மா"ன்னான். இன்னும் பத்து நாள் இருந்துச்சு, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சான். இப்படிப் பேசுற புள்ளையா அவன்? அந்த மரத்தலை பாதி மூடின கண்ணால அவனைப் பாத்து மயக்கிட்டு. அதுதான் விஷயம். வேற என்ன இருக்கும், சொல்லு.

கிளம்புற அன்னைக்கு ரோங்கே அம்மா வந்தா. அன்னைக்கும் மண்டி போட்டா. ஜோடியில ஒண்ணை, இதை, வெள்ளைத் துணியில சுத்தி ரெண்டு கையாலயும் என் மடியில வச்சா. என்னமோ சொன்னா. சுயம்பு மொழிபெயர்க்க மாட்டேன்னுட்டான். இன்னொண்ணு அவ தம்பிகிட்டயே இருக்கு. வருஷா வருஷம் ஆட்டுவானோ என்னமோ. ஆட்டட்டும், என் பேர் நிலைக்கும். நான் வாங்கிக்கிட்டேன். அவ படி இறங்கினா. பழக்க தோஷம், கை செம்பைத் தேடிச்சு. மருமக எடுத்து ஒளிச்சு வச்சுட்டா.

இந்தத் தசராவுக்குப் புள்ளையோட வாரோம்னு சொல்லியிருந்தாங்க. காளி கிரீடத்தைப் பரண்லேர்ந்து இறக்கித் துடைச்சு வச்சேன். போன வாரம் போன் பண்ணி வரலைங்கான். நேத்திக்கடன் தங்கச்சி! பால் குடிச்ச புள்ளைக்கு நேந்தது! "நீ வார்த்தை சொல்லலையேம்மா. சொன்னா அடுத்த பிளைட்டுல வாரோம்"ங்கான். பெத்தவகிட்ட பேசுற பேச்சா?

அதான் முடிவு பண்ணிட்டேன். இந்தத் தலையைக் குலசைக் கடல்ல போட்டாத்தான் கட்டு விடும். ஆனா மேல இருக்கிறது நான்ல? என்னை நானே எப்படிக் கடல்ல போடுவேன்? நேத்து ஆசாரிகிட்டக் கொண்டுபோனேன். "மேல உள்ள பொம்மையை மட்டும் அறுத்துக் கொடுத்துருங்க, கீழ் முகத்தைத் தூரப் போட்டுருதேன்"னேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஒரே கட்டையில குடைஞ்சது தாயி. வாள் வச்சா ரெண்டும் பிளந்துரும். கைவேலைக்காரன்"னாரு. அவருக்கும் கண்ணு மயங்கிட்டு.

உடன்குடி வந்துட்டா? ஏ, கொஞ்சம் தள்ளு தங்கச்சி, காளி ஏறுறாரு பாரு. அடேயப்பா, எத்தனை கை! வாங்க சாமி, இங்க உக்காருங்க, மூணு பேரு தாராளமா இருக்கலாம். கிரீடத்தைக் கொடுங்க, இவ வச்சிக்கிடுவா. தங்கச்சி, இந்தத் தலையையும் கொஞ்சம் பிடி. காலைக் காட்டுங்க சாமி, தொட்டுக் கும்பிட்டுக்கிடுதேன். எங்க வீட்டுக்காரங்களும் காளிதான், பத்தொம்பது வருஷம். திருநீறு பூசுங்க சாமி. இவளுக்கும்.

என்ன சாமி? இதுவா? வெளியூர்ச் சாமான்.

...யாரை விரட்டுதா? யாரு விரட்டுறா? இந்தப் பொம்பளையா? இல்ல சாமி, அவ வாசல் தெளிக்கா. அது நான்தான்.

மூக்கைப் பொத்திக்கிட்டா? அது அடக்கம் சாமி. முந்தானை.

அந்தக் கூடைக்காரியா? அவ சும்மா... அவ யாரோ... ஆமா, குதிகால்ல ரெண்டு சொட்டு செதுக்கியிருக்கு. நான் கவனிக்கல. நாலு மாசமா என் வீட்டுலதான் இருக்கு, நான் கவனிக்கல. கிட்டக் கொண்டா தங்கச்சி. கண்ணாடி எங்க... ஆமா, ரெண்டு சொட்டு. அவ திரும்பிப் பாக்கா. பாதி திரும்பியிருக்கா பாரு.

கடல்ல போடத்தான் சாமி கொண்டு போறேன்.

ஏன் கூடாது? இல்ல, எனக்கு வேஷம் இல்ல. மகன் கட்டுறதா நேந்தது, அவன் வரல. ...நானா? அறுபத்திமூணு வயசுல நான் என்ன வேஷம் கட்ட? ...ஆத்தா எதைக் கையில கொடுத்தாளோ அதைத்தான் கட்டணுமா? அது சரி, எங்க வீட்டுக்காரங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா இது ஆத்தா கொடுத்தது இல்ல சாமி, இதைக் கொடுத்தது ஒரு...

மண்டி போட்டுத்தான் கொடுத்தா. ரெண்டு கையாலயும்.

என்ன தங்கச்சி, அப்பலேர்ந்து ஜன்னலைப் பாத்துக்கிட்டே வாரே. உனக்கு முதல்லயே தெரிஞ்சதா? துணியை விலக்கினப்பவே? அதான் சிரிப்பை அடக்கினியா? நான் இருமல்னுல்ல நினைச்சேன்.

அந்தச் சந்தை அவ்வளவும் சிரிச்சுது. நான் எந்திரிச்சு நின்னு கும்பிட்டேன்.

குலசை வந்துட்டு. கிரீடத்தைச் சாமிகிட்டக் கொடு. போயிட்டு வாங்க சாமி. காப்பு கட்டுற இடம் எனக்குத் தெரியும், நானே போயிருவேன். ...துணி வேண்டாம் தங்கச்சி, சுத்தாத. அப்படியே கொடு, தலையில வச்சுக்கிடுதேன். கனமாத்தான் இருக்கு. அங்க அதுங்க இதைத் தூக்கிக்கிட்டு எப்படித்தான் ஆடிச்சோ.

வேஷம் கட்டினா வழக்கம் தெரியும்ல உனக்கு? காப்பு அவுக்கிற வரைக்கும் வீடு வீடாப் போயி வாசல்ல நின்னு கையேந்தணும். எங்க வீட்டுக்காரங்க போவாங்க, தெரியாத ஊர், தெரியாத வாசல். கையேந்தினாத்தான் நேத்தி தீரும்.

தங்கச்சி, நான் போய் நிக்கிற வாசல்ல, நான் படி இறங்குறதுக்குள்ள எவளாவது செம்பை எடுத்துட்டான்னா?